வேதகிரிக்கு ஒரு இலை

புதன்கிழமை காலை நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். "ஞாயித்துக்கெயம மதியம் வேதகிரி நம்ம வூட்டுக்கு சாப்புட வராரு மாமா" என்றாள் என் மனைவி கல்பனா. வாயில் இருந்த இட்லி தொண்டைக்குள் இறங்க மறுத்தது. காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. வேதகிரி என்று ஒரு ஆளே கிடையாது. அவரை நான்தான் உண்டாக்கினேன்.

"யாரு சொன்னது?" என்றேன்.

"அவரேதான். நேத்து போன் பண்ணாரு. வெரால் மீன் கொயம்புன்னா உசுராம் அவருக்கு."

இல்லாத மனிதருக்கு விரால் பிடிக்கும் என்பது எனக்கே புதுச் செய்தி. ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு, வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். உத்திரமேரூர் வரும்வரை ஆறு கிலோமீட்டரும் ஒரே யோசனைதான். எந்தப் பாவி என் வேதகிரியின் பெயரில் போன் செய்தான்?

நடந்ததை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். நடுநடுவே என்னை நானே திட்டிக்கொள்வேன், கண்டுகொள்ள வேண்டாம்.

நான் ஜெகன். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பேனர் அடிக்கிற கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸும் உண்டு. கல்யாணம், காதணி விழா, கண்ணீர் அஞ்சலி எல்லாம் ஒரே மெஷினில்தான் வெளியே வரும். கடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. அதில் லேப்டாப், ஒரு கீபோர்டு, ஒரு மைக். கடையில் கூட்டம் ஓய்ந்த மதிய நேரத்தில் அங்கே உட்கார்ந்து பாட்டு செய்வேன். வாத்தியம் எதுவும் வேண்டாம். தபேலா, வயலின், புல்லாங்குழல் எல்லாம் கம்ப்யூட்டரிலேயே இருக்கிறது. எந்தச் சுரம், எப்போது, எவ்வளவு பலமாக என்று திரையில் கட்டம் கட்டமாகக் குறித்துக் கொடுத்தால் அது வாசிக்கும். இதற்கு மிடி என்று பெயர். வாத்தியக்காரர்களை நம்பினால் ஒருத்தன் வரமாட்டான், இன்னொருத்தன் குடித்துவிட்டு வருவான், என் கம்ப்யூட்டர் இரண்டும் செய்யாது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வேன்.

கல்பனா என் அத்தை மகள். எங்கள் ஊர்ப் பால் சொசைட்டியில் வேலை செய்கிறாள். வருகிற பாலில் எல்லாம் பாலின் கெட்டியைக் காட்டுகிற கண்ணாடிக் குழலை மிதக்கவிட்டு டிகிரி பார்ப்பாள். தண்ணீர் கலந்திருந்தால் அவளிடம் தப்பவே முடியாது. என் அப்பா கொண்டுபோன பாலையே ஒருமுறை எல்லோர் முன்னாலும் திருப்பி அனுப்பினாள். அப்பா ஒரு வாரம் மருமகளோடு பேசவில்லை. அவளும் பேசவில்லை. எட்டாம் நாள் அப்பாதான் இறங்கி வந்து, "காப்பி கெடைக்குமாம்மா?" என்று கேட்டார்.

அவள் பாடுவாள். ஊரில் நிறையப் பேர் பாடுகிறார்கள், ஆனால் கல்பனா பாடினால் பேசிக்கொண்டிருப்பவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். எங்கள் கல்யாணத்துக்கு முன்னால் ஒரு இன்னிசைக் குழுக்காரன் வந்து, மேடையில் பாட வைக்கிறேன் என்று சொல்லி அவளிடம் நாலு பாட்டுப் பதிவு செய்துகொண்டு போனான். திருவிழா அன்று தோழிகளை எல்லாம் அழைத்துக்கொண்டு போயிருக்கிறாள். அங்கே ஜிகினாப் புடவையில் வேறொரு பெண் மைக்கைப் பிடித்துக்கொண்டு வாயசைக்கிறாள். ஸ்பீக்கரில் வருவது கல்பனாவின் குரல். ஜனம் அந்தப் பெண்ணுக்குக் கை தட்டியிருக்கிறது. அன்றோடு பாட்டை நிறுத்தினாள். நாலு வருஷம், சமையல் செய்யும்போதுகூட ஒரு முணுமுணுப்பு கிடையாது.

போன ஆடி மாதம் ஒருநாள் சொசைட்டியில் கேன் நிறைவதைப் பார்த்துக்கொண்டு நின்றவளுக்கு என்னவோ தோன்றியிருக்கிறது. வீட்டுக்கு வந்து, சுவரைப் பார்த்துக்கொண்டு, எனக்குப் பாடிக் காட்டினாள்.

"கேனு நெறைய நெறைய சத்தம் கொறையும்
கண்ணு நெறைஞ்சா பேச்சு கொறையும்"

உட்கார்ந்திருந்தவன் எழுந்துவிட்டேன். அவ்வளவு சந்தோஷம். இதைப் பதிவு செய்யலாம் என்றேன். சுவரிலிருந்து என் பக்கம் திரும்பினாள்.

"ஒரு கிட்டார் மட்டும் போதும் மாமா. ஆனா நெசமா ஒரு ஆளு வாசிக்கணும். பொய் சத்தத்துக்கு நான் பாட மாட்டேன். இன்னொரு தபா எவனாவது என்னை ஏமாத்துனா, அப்பால இந்த வாயத் தொறக்கவே மாட்டேன். சொல்லிட்டேன்."

சொன்னால் செய்கிறவள். அப்பாவைக் கேளுங்கள்.

கிட்டார்காரனுக்கு நான் எங்கே போவேன்? உத்திரமேரூரில் எனக்குத் தெரிந்து தவில் உண்டு, பம்பை உண்டு, பேண்டு செட்டு உண்டு. கிட்டார் வைத்திருக்கிற ஒருவரையும் எனக்குத் தெரியாது. நான் கையால் தொட்டதுகூட இல்லை. போதாக்குறைக்கு என் கர்வம் வேறு. கம்ப்யூட்டரிலேயே ஒரு கிட்டார் போட்டுக் கேட்க வைத்தால் மனசு மாறிவிடுவாள் என்று நினைத்து, ஒரு மதியம் செய்து முடித்து ஹெட்போனை அவள் காதில் மாட்டினேன். அரை நிமிஷம்கூட ஆகவில்லை, கழற்றிவிட்டாள்.

"இன்னாது இது? யாரு வூட்டு காலிங் பெல்லு?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "ஒரே மாசம். உனுக்கு கிட்டார் கொண்டாறேன், அப்ப பேசு" என்று சவால் விட்டுவிட்டுக் கடைக்கு வந்து ஷட்டரைத் தூக்கினேன்.

அப்புறம் ஆரம்பித்தது பேஜார். யூடியூபில் கிட்டார் சொல்லித் தருகிற வீடியோக்களைச் சத்தத்தை அணைத்துவிட்டு, கையை மட்டும் பார்த்தேன். நான் செய்த முட்டாள்தனம் உடனே தெரிந்தது. கீபோர்டில் மூன்று விரலை ஒரே நேரத்தில் அழுத்திப் பழகியவன் நான். என் கம்ப்யூட்டரும் மூன்று சுரத்தையும் ஒரே நேரத்தில் அடித்தது. கிட்டாரில் அது நடக்கவே நடக்காது. ஆறு கம்பி இருக்கிறது. கை ஒரு பக்கமிருந்து மறுபக்கம் போகும்போது ஒன்றுக்கு அப்புறம் ஒன்றாகத்தான் படும்.

மூன்று சுரத்தை ஆறாக்கினேன். ஒவ்வொன்றையும் அதற்கு முந்தியதிலிருந்து ஒரு இம்மி தள்ளி வைத்தேன். இம்மி என்றால், ஒரு நொடியை நூறாக நறுக்கினால் அதில் ஒரு துண்டு. எல்லாவற்றையும் ஒரே அளவில் தள்ளினால் கடை ஷட்டரை இழுக்கிற மாதிரி சத்தம் வந்தது. அதனால் ஒன்றைக் கொஞ்சம் அதிகமாகவும் ஒன்றைக் கொஞ்சம் குறைவாகவும் தள்ளினேன். கை கீழே இறங்கும்போது பலம் அதிகம், ஆறு கம்பியும் அதிரும். திரும்ப மேலே ஏறும்போது சோம்பேறித்தனம், மூன்று கம்பியை மட்டும் தடவிவிட்டுப் போகும். அதையும் செய்தேன்.

அப்படியும் சரியாக வரவில்லை. மறுபடி வீடியோவைப் பார்த்தபோது இன்னொன்று பிடிபட்டது. அடிக்காத நேரத்திலும் அவர்கள் கை நிற்பதில்லை. காற்றில் சும்மா போய் வந்துகொண்டே இருக்கிறது. அந்தச் சும்மா போகிற கையையும் கணக்கில் வைத்தால்தான் அடுத்த அடி சரியான இடத்தில் விழும். அதற்காக நான் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு நாள் முழுவதும் தொடையில் கையை மேலும் கீழும் வீசிக்கொண்டிருந்தேன். கண்ணீர் அஞ்சலி பேனர் வாங்க வந்த பாண்டியன் என்கிற பெரியவர் அழுகையை நிறுத்திவிட்டு, "வேப்பெல அரச்சிப் பூசு நைனா, ரெண்டு நாள்ல சொறி நின்னுடும்" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்.

கடைசியாகக் கண்டுபிடித்ததில்தான் எனக்குப் பெருமை அதிகம். ஒரு பிடியிலிருந்து அடுத்த பிடிக்கு விரல்கள் தாவுகிற அந்த ஒரு கணத்தில், அடிக்கிற கை காத்திருப்பதில்லை. யாரும் அழுத்திப் பிடிக்காத வெறும் கம்பிகளை ஒரு தட்டு தட்டிவிட்டுப் போய்விடுகிறது. பாட்டுக்கு அது தப்பான சுரம்தான். ஆனால் மனிதர்கள் வாசிக்கும்போது அந்தத் தப்பு வருகிறது. பல்லவி முடிந்து முதல் சரணத்துக்குள் நுழைகிற இடத்தில் அந்தத் தப்பை வேண்டுமென்றே வைத்தேன். போட்டுக் கேட்டேன். யாரோ ஒருவன் என் பின்னால் உட்கார்ந்து வாசிக்கிற மாதிரி இருந்தது. திரும்பிக்கூடப் பார்த்தேன்.

இரண்டாவது சரணத்துக்கு முதல் சரணத்தையே, நுழைகிற அந்த இடத்தோடு சேர்த்து, அப்படியே எடுத்து ஒட்டினேன். ஜெராக்ஸ் கடைக்காரன் அல்லவா. மொத்தம் நாற்பது நாள் ஆகியிருந்தது.

கல்பனா சொசைட்டி வேலையை முடித்துவிட்டுக் கடைக்கு வந்தாள். ஹெட்போனை மாட்டிவிட்டேன். இந்த முறை கழற்றவில்லை. கண்ணை மூடிக்கொண்டு முழுப் பாட்டையும் கேட்டாள். கேட்டு முடித்து, "யாரு மாமா இது?" என்றாள்.

அங்கேதான் நான் சொல்லியிருக்க வேண்டும். நான்தான், நாற்பது நாள் தொடை வீங்க வீங்க இதைச் செய்தேன் என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் பாடமாட்டாள் என்கிற பயம். நாலு வருஷத்துக்கு அப்புறம் அந்தக் குரல் இவ்வளவு பக்கத்தில் வந்து நிற்கிறது. பயத்தில் என் கண் லேப்டாப் திரைக்குப் போனது. அதில் ஒரு காதணி விழா பேனர் பாதி முடிந்த நிலையில் இருந்தது. தாய்மாமன் வேதகிரி, பழையசீவரம்.

"வேதகிரின்னு ஒருத்தரு. பழையசீவரத்துல கீறாரு. வாட்ஸாப்புல வாசிச்சி அனுப்புனாரு" என்றேன்.

"இன்னா பண்ணிக்கினு கீறாரு?"

"ஆடு வெச்சிக்கினு கீறாரு. ரொம்ப கூச்ச சுபாவம். யாராண்டையும் பேச மாட்டாரு."

கல்பனா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பாலில் குழலை மிதக்கவிட்டு, அது ஆடி அடங்கும்வரை பார்ப்பாளே, அந்தப் பார்வை. பிறகு, "சரி, பாடறேன்" என்றாள்.

பக்கத்து ரைஸ் மில் சாப்பாட்டுக்கு நிறுத்துகிற ஒரு மணிக்குப் பதிவு செய்தோம். கதவில் இரண்டு போர்வை தொங்கவிட்டு, ஃபேனை அணைத்துவிட்டு, வியர்த்து வழிய நின்றுகொண்டு பாடினாள். "கண்ணு நெறைஞ்சா பேச்சு கொறையும்" என்ற இடத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. மவுஸைத் துடைக்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

பாட்டை யூடியூபில் போட்டோம். பாடல், குரல்: கல்பனா. ஒலிப்பதிவு: ஜெகன். கிட்டார்: வேதகிரி. என் விரலாலேயே தட்டினேன். ஒரு வாரத்தில் பதினோராயிரம் பேர் கேட்டார்கள். எங்கள் அளவுக்கு அது பெரிய கூட்டம். குரலைப் பாராட்டினார்கள், சரி. ஆனால் கீழே வருகிற கமென்ட்டில் பாதிக்குப் பாதி வேதகிரியைப் பற்றி. கிட்டார் வாசித்தவர் யார், வேதகிரி அண்ணன் கைக்கு முத்தம், ஒலிப்பதிவு சுமார்தான் ஆனால் கிட்டார் பிரமாதம். சுமார் என்றது என்னை!

வீட்டிலும் அதே பாட்டு. கல்பனா காய் நறுக்கிக்கொண்டே, "வேதகிரி கை இன்னா கை மாமா! நீயும் கீறியே" என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பழையசீவரத்துக்குப் போய் அந்த ஆளை நாலு சாத்து சாத்தலாம் என்று தோன்றும். அப்புறம்தான் ஞாபகம் வரும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த நேரத்தில், போன திங்கட்கிழமை, ஆல்வின் கடைக்கு வந்தார். திருமுக்கூடல் பக்கத்து ஊர்ச் சபையில் கிட்டார் வாசிக்கிறவராம். இத்தனை நாள் எங்கே இருந்தீர்கள் என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. கிறிஸ்துமஸ் பேனர் கொடுக்க வந்தவர், ஓரமாக உட்கார்ந்திருந்த கல்பனாவின் பேச்சைக் கேட்டதும் எழுந்து நின்றுவிட்டார்.

"சிஸ்டர், கேனு பாட்டு நீங்களா? எங்க சபையில எல்லாரும் அத்ததான் கேட்டுக்கினு கீறாங்க. அந்த வேதகிரி பிரதர நான் பாக்கணுமே. அவரு இடது கைக்காரருதான?"

"இன்னாது?" என்றேன்.

"கீழ எறங்குற அடி எல்லாம் மெல்லிய கம்பியில ஆரம்பிக்குது பிரதர். நாங்க வாசிச்சா தடிச்ச கம்பி முன்னால வரும். அவரு கிட்டார தலகீழா திருப்பிப் புடிச்சிக்கினு இடது கையால வாசிக்கிறாரு. இந்த மாதிரி ஆளுங்க ரொம்ப அபூர்வம். எந்தப் பாட்டுலயும் வராத ஒரு சத்தம் வருதே, அதான் காரணம்."

"அப்பிடியா மாமா? அவரு இடது கைக்காரரா? என்னாண்ட சொல்லவே இல்லியே" என்றாள் கல்பனா.

"ஆ... ஆமா. மறந்துட்டேன்" என்றேன்.

"அப்ப ஞாயித்துக்கெயம ஆராதனை முடிஞ்சதும் நம்ம வூட்டுக்கு சாப்புட வாங்கண்ணா. அவரையும் கூப்புடறேன்."

ஆல்வின் சந்தோஷமாகப் போய்விட்டார். நான் பின்னறைக்குள் போய் வீடியோவையும் என் திரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். தலையில் அடித்துக்கொண்டேன். வீடியோவில் அந்த ஆள் கை மேலிருந்து கீழே இறங்குகிறது. நானும் என் திரையில் மேலிருந்து கீழே இறங்கியிருக்கிறேன். ஆனால் கிட்டாரை மடியில் வைத்தால் தடித்த கம்பி மேலே இருக்கும். என் திரையில் மெல்லிய கம்பியின் சுரம்தான் மேலே இருக்கும். கிட்டாரைத் தொட்டே பார்க்காத கீபோர்டுக்காரனின் புத்தி. ஆறு கம்பியையும் தலைகீழாக அடித்து வைத்திருக்கிறேன். அதற்குத்தான் திருமுக்கூடல்காரர் அபூர்வம் என்கிறார்.

அடுத்த நாள் செவ்வாய். அதற்கு அடுத்த நாள்தான் இட்லி தொண்டையில் நின்ற புதன்.

வியாழக்கிழமை நான் வேதகிரிக்குக் காய்ச்சல் வரவைத்தேன். "இப்பதான் பேசுனேன், நல்லாதான் கீறாரு" என்றாள். வெள்ளிக்கிழமை அவர் ஆடு ஒன்று காணாமல் போனது. "கெடச்சிட்ச்சாம்" என்றாள். சனிக்கிழமை விரால் மீன் வீட்டுக்கே வந்துவிட்டது, அண்டாவில் துள்ளிக்கொண்டிருந்தது. எவனோ ஒரு எமகாதகன் என் வேதகிரியாக வேஷம் கட்டிக்கொண்டு வந்து, இடது கையால் மீன் தின்றுவிட்டு, அந்தப் பாட்டுக்கு வாசித்தது நான்தான் என்று என் மனைவியிடமே சொல்லப்போகிறான் என்று முடிவு கட்டிவிட்டேன். வந்தால் என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. அவனைப் பொய்யன் என்று சொல்ல வேண்டுமானால் முதல் பொய்யன் நான் என்று சொல்ல வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அப்பா வாலாஜாபாத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார், அந்த மட்டும் பிழைத்தேன். ஆல்வின் பன்னிரண்டரைக்கே கிட்டாரோடு வந்துவிட்டார். வேதகிரி பிரதரிடம் கொடுத்து ஒரு தடவை வாசிக்கச் சொல்லி வீடியோ எடுக்க வேண்டுமாம். மணி ஒன்றானது. ஒன்றேகாலும் ஆனது. வாசலில் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் நான் எழுந்து எழுந்து உட்கார்ந்தேன்.

"வந்துருவாரு. எல போட்டுட்றேன்" என்று கல்பனா கூடத்தில் மூன்று இலை போட்டாள். ஆல்வினுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. இரண்டும் எப்போதும் போடுகிற மாதிரி, நுனி இடது பக்கம். மூன்றாவதைப் போட்டாள். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தாள். குனிந்து அதை எடுத்துத் திருப்பி, நுனி வலது பக்கம் வருகிற மாதிரி வைத்தாள்.

"இடது கைக்காரரு. அவருக்குத் தோதா இருக்கட்டும்" என்றாள்.

அந்த இலையைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை. நான் ஒரு நிமிஷத்தில் வாய்க்கு வந்தபடி உண்டாக்கிய ஆளுக்கு அவள் இலையைத் திருப்பிப் போடுகிறாள். ஜிகினாப் புடவை மேடைக்குத் தோழிகளைக் கூட்டிக்கொண்டு போனவளும் இவள்தான். அந்த இன்னிசைக் குழுக்காரனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? வெட்கம் பிடுங்கித் தின்றது. வேஷக்காரன் வந்தாலும் வராவிட்டாலும் சரி, இனி ஒரு நிமிஷம் இந்தப் பொய்யோடு உட்கார முடியாது என்று எழுந்து நின்றேன்.

"கல்பனா, வேதகிரி வர மாட்டாரு. வேதகிரின்னு ஒரு ஆளே இல்ல. கிட்டாரு நான்தான் பண்ணேன், கம்ப்யூட்டர்ல. இடது கையும் கெடையாது. எனக்குக் கம்பி எது மேல எது கீழன்னு தெரியாம தலகீழா போட்டுட்டேன். நீ இனிமே பாடமாட்டேன்னா அது என் தப்புதான். உன்னைக் கெஞ்சிக் கேக்கக்கூட எனக்கு வாயில்ல."

ஆல்வின் வாயைத் திறந்துகொண்டு என்னையும் கிட்டாரையும் மாறி மாறிப் பார்த்தார். கல்பனா அடுப்படிக்குப் போனாள். சோற்றுப் பாத்திரத்தைக் கொண்டுவந்து, அந்தத் திருப்பிப் போட்ட இலையில் சோறு வைத்தாள். குழம்பு ஊற்றினாள். விராலின் நடுத்துண்டாகப் பார்த்து இரண்டு வைத்தாள். நிமிர்ந்தாள்.

"வேதகிரி, உக்காருங்க. சோறு ஆறுது."

எனக்குப் புரியவில்லை. அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனுக்குத் தெரியுமா?"

"மொத நாளே தெரியும். ஒரு மாட்டுப் பாலே காலையில ஒரு மாரி கீது, சாயந்திரம் ஒரு மாரி கீது. ரெண்டு வேளையும் புள்ளி மாறாம ஒரே டிகிரி வந்துச்சின்னா, அது மாடு குடுத்தது இல்ல. மொத சரணத்துக்கு முன்னால உன் வேதகிரி ஒரு தப்பு பண்ணாரு. அடடா, நெசமாவே ஒரு ஆளுதான் வாசிக்கிறாருன்னு நெனச்சேன். ரெண்டாவது சரணத்துக்கு முன்னாலயும் அதே தப்பு, அதே எடம், அதே அளவு. எந்த மனுசன் மாமா அப்பிடி தப்பு பண்ணுவான்? அது போவட்டும். வேதகிரி, பழையசீவரம்னு பஸ் ஸ்டாண்டுல இருபதடி பேனர்ல கூலிங் கிளாஸ் போட்டுக்கினு நிக்கிறாரே, நான் தெனம் அவரு மூஞ்சியப் பாத்துக்கினுதான கடைக்கு வரேன்?"

ஆல்வினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

"அப்ப அந்த போனு?"

"யாரும் பண்ணல. உன் வாயாலயே எப்ப சொல்லுவேன்னு பாத்தேன். அதுக்குள்ள ஆட்ட வேற தொலச்சே."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஆனால் ஒன்று கேட்டே ஆக வேண்டியிருந்தது. "தெரிஞ்சிக்கினே ஏன் பாடினே? ஏமாத்துனா பாடமாட்டேன்னியே."

கல்பனா கரண்டியைக் கீழே வைத்தாள். இப்போது அவள் குரலில் கிண்டல் இல்லை.

"நெசமா ஒரு ஆளு வாசிக்கணும்னேன். நாப்பது நாளு ஒரு ஆளு ஒக்காந்து தொடையில வாசிச்சிக்கினுதான இருந்தான்? நான் கடைக்கு வரப்பல்லாம் பாத்துக்கினுதான் இருந்தேன். அதுக்கோசரம் பாடுனேன். ஆனா ஒண்ணு மாமா. அந்த இன்னிசைக் குழுக்காரன் என் கொரல எடுத்து வேற ஒருத்தி வாயில வெச்சான். நீ உன் கைய எடுத்து வேற ஒருத்தன் பேருல வெச்சிட்டே. ஏமாந்தது நான் இல்ல, நீதான். கமென்ட்டுல எல்லாரும் வேதகிரிய புகழ்றப்போ நீ மூஞ்சிய தூக்கி வெச்சிக்கினு இருப்பியே, எனக்கு எப்பிடி இருந்துச்சி தெரியுமா? அந்த மேடைக்கு கீழ நின்னது எனக்குத்தான தெரியும்."

நான் போய் அந்த இலை முன்னால் உட்கார்ந்தேன். நுனி வலது பக்கம் இருக்கிற இலையில் சாப்பிடுவது இதுதான் முதல் தடவை. எந்தப் பதார்த்தமும் கை போகிற இடத்தில் இல்லை. இருந்தாலும் அப்படி ஒரு சாப்பாட்டை நான் சாப்பிட்டதில்லை.

ஆல்வின் இரண்டாம் முறை குழம்பு வாங்கிக்கொண்டே, "தலகீழா இருக்கறத மட்டும் மாத்திடாதீங்க பிரதர். நான் ஒரு வாரமா அத்த வாசிக்கப் பாத்துக்கினு கீறேன், வரவே மாட்டேங்குது" என்றார். சாப்பிட்டு முடித்ததும் கிட்டாரை எடுத்து என் மடியில் வைத்தார். தடித்த கம்பி மேலே இருந்தது. என் கண்ணால் பார்த்தேன். தொட்டேன். நாற்பது நாள் தேடிய சத்தம், ஒரு விரலுக்குக் கீழேயே இருந்தது.

அன்று மாலையே யூடியூபில் பெயரை மாற்றினேன். கிட்டார்: ஜெகன். கல்பனா தோளுக்குப் பின்னால் நின்று எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்த்தாள். அடுத்த பாட்டுக்கு இரண்டு வரி வைத்திருக்கிறேன் என்றாள். எனக்கு வானத்தில் பறக்காத குறை. பாடு பாடு என்றேன். பாலுக்கு நேரமாகிவிட்டது, வந்து பாடுகிறேன் என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். வாசல்வரை போனவள் நின்று திரும்பினாள்.

"இந்த தபாவும் கிட்டாரு நீயே பண்ணு மாமா. ஆனா ரெண்டாவது சரணத்துல வேற தப்பு பண்ணு."